கடலுக்கடியில் போன கரண்ட், கூடவே வந்த விலை: நார்வேயின் கேபிள் அனுபவம்

2024 டிசம்பர் 12, மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை. நார்வேயின் தெற்கு முனையில் இருக்கும் கிரிஸ்டியான்சாண்ட் பகுதியில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, வரியோடு சேர்த்து, 13 குரோனரைத் தாண்டியது. நம் கணக்கில் 100 ரூபாய்க்குப் பக்கம். அணைகளில் தண்ணீர் இருந்தது. ஆனால் கடல் தாண்டி ஜெர்மனியில் காற்று நின்றுபோயிருந்தது, டிசம்பர் மாலை என்பதால் வெயிலும் இல்லை. அங்கே மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணி (அதாவது 1,000 யூனிட்) 936 யூரோவுக்குப் போனது. அந்த விலை கேபிள் வழியாக நார்வேயின் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. ஏழு வாரம் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, மின்சாரச் சண்டையில் நார்வேயின் கூட்டணி அரசே உடைந்தது.

பக்கத்து நாட்டோடு மின்சாரம் பகிர்வதைப் பற்றிப் பேசும்போது கேபிள் நீளம், மெகாவாட், செலவு, ஒப்பந்தம் எல்லாம் பேசுகிறோம். விலையும் அதே கேபிளில் பயணம் செய்யும் என்பதையும், அதில் லாபம் ஒருவர் கைக்கும் பில் இன்னொருவர் கைக்கும் போகும் என்பதையும் யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. நார்வேயில் பொறியியல் அருமையாக வேலை செய்தது. கணக்குதான் சிக்கிக்கொண்டது. அதை முழுசாகப் பார்த்துவிடலாம்.

ஏன் கேபிள் போட்டார்கள்

நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தண்ணீரிலிருந்து வருகிறது. மலைமேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் நிரம்பினால் சுமார் 8,700 கோடி யூனிட் மின்சாரத்துக்கான தண்ணீர் அவற்றில் நிற்கும். தென்மேற்கில் இருக்கும் ப்ளோஷோ என்ற ஒரே தேக்கத்தில் மட்டும் 780 கோடி யூனிட் அளவுக்குத் தண்ணீர் உண்டு. ஐரோப்பாவில் இந்த அளவு சேமிப்பு வேறு யாரிடமும் இல்லை.

பிரச்சினை, மழை ஒவ்வொரு ஆண்டும் ஒரே மாதிரி பெய்வதில்லை. நல்ல மழை ஆண்டில் தண்ணீர் வழிந்து வீணாகப் போகும், வறண்ட ஆண்டில் பனிக்காலத்தைத் தாண்டுவதே கஷ்டம். நார்வேயில் வீடுகளைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். சராசரியாக ஒரு வீடு ஆண்டுக்கு 15,000 யூனிட்டுக்கு மேல் எரிக்கிறது. ஆகவே பனிக்காலத்தில் அணை வற்றினால் விளக்கு மட்டுமா அணையும், வீடே உறைந்துபோகும். 2010-ல் மழை குறைந்து, குளிரும் கடுமையாக இருந்தபோது நார்வே நிகரக் கணக்கில் 700 கோடி யூனிட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கியது. தண்ணீரில் மிதக்கும் நாடு என்று நாம் நினைக்கும் நார்வே!

அந்தப் பக்கம் டென்மார்க்கின் நிலைமை நேர் எதிர். அணை கிடையாது, அப்போது நிலக்கரி, பிறகு காற்றாலை. இரண்டு பேரின் குறையும் நிறையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. டென்மார்க்கில் காற்று பலமாக அடிக்கும் இரவில் அவர்கள் அனுப்பட்டும், நார்வே தன் மதகை மூடி வைத்துக்கொள்ளும். காற்று நின்றதும் நார்வே மதகைத் திறந்து திருப்பி அனுப்பும். பக்கத்து ஊரில் மழை பெய்து அந்தத் தண்ணீர் நம் வயலுக்கும் பாயும்போது நம் ஏரி மடையைத் திறக்காமல் வைத்திருப்பது மாதிரிதான். இதற்குத் தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும் பம்ப் கூட வேண்டாம், திறக்காமல் இருந்தாலே அது சேமிப்பு.

கேபிள்களும் அவற்றின் வேலையும்

1976-77-ல் கிரிஸ்டியான்சாண்டுக்கும் டென்மார்க்கின் ட்யேலேவுக்கும் இடையே ஸ்காகெராக் 1, 2 என்று இரண்டு கேபிள்கள் போடப்பட்டன. இரண்டும் சேர்ந்து 500 மெகாவாட். கடலுக்கடியில் 127 கிலோமீட்டர், 500 மீட்டருக்கு மேல் ஆழம். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான வேலை.

இந்தத் தூரத்துக்கு நம் தெருவில் ஓடும் மாறுமின்சாரம் (ஏசி) சரிப்படாது. கடலுக்கடியில் போகும் கேபிள் முழுக்க ஒரு நீண்ட மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். மாறுமின் ஒவ்வொரு நொடியும் 100 முறை திசை மாறும்போது அந்த மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்வதற்கே மின்னோட்டத்தின் ஒரு பகுதி போய்விடும். தூரம் கூடக் கூட மறுமுனைக்கு உருப்படியாகப் போய்ச் சேருவது குறைந்துகொண்டே போகும். நேர்மின்சாரத்தில் (டிசி) இந்தத் தொல்லை இல்லை, ஒரு முறை நிரம்பினால் அவ்வளவுதான். அதனால் இரு கரையிலும் பெரிய மாற்றி நிலையங்கள் கட்டி, இந்தப் பக்கம் மாறுமின்னை நேர்மின்னாக்கி, அந்தப் பக்கம் மறுபடி மாறுமின்னாக்குகிறார்கள். மொத்தத்தில் சில சதவீதம்தான் இழப்பு.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, டென்மார்க்கின் கிழக்குப் பகுதி எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும் ஒரு கிரிட், அதாவது ஒரே மின் வலைப்பின்னல். டென்மார்க்கின் மேற்குப் பகுதியும் ஜெர்மனியும் வேறொரு கிரிட். இரண்டுமே 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் இரண்டின் அலையும் ஒன்றோடொன்று கைகோத்து ஓடுவதில்லை. நேராகக் கம்பியை இணைத்தால் வெடிக்கும். நேர்மின் இணைப்புக்கு இந்தக் கவலையே இல்லை, இரு பக்கமும் அதனதன் தாளத்தில் ஓடலாம். எவ்வளவு மெகாவாட், எந்தத் திசையில் போகவேண்டும் என்பதையும் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே சொல்லலாம். மாறுமின் லைனில் மின்சாரம் தனக்கு எளிதான வழியில் ஓடும், நாம் சொன்னபடி ஓடாது.

பழைய நிலையங்கள் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்சை நம்பியவை. அவற்றுக்கு இரு முனையிலும் உறுதியான கிரிட் இருந்தாகவேண்டும், திசையை மாற்ற மின்னழுத்தத்தின் துருவத்தையே திருப்பவேண்டும். புது வகையில் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. பலவீனமான கிரிட்டையும் அவை தாங்கிப் பிடிக்கும், திசை மாற்ற மின்னோட்டத்தைத் திருப்பினால் போதும். 2014-ல் வந்த ஸ்காகெராக் 4 (700 மெகாவாட், 500 கிலோவோல்ட்) இந்தப் புது வகை. அதை 1993-ல் போட்ட பழைய வகை ஸ்காகெராக் 3-உடன் ஜோடி சேர்த்து ஓட்டினார்கள். அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் நெதர்லாந்துக்கு 580 கிலோமீட்டரில் நார்நெட், 700 மெகாவாட். 2021-ல் ஜெர்மனியின் வில்ஸ்டருக்கு 623 கிலோமீட்டரில் நார்ட்லிங்க், 1,400 மெகாவாட். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இங்கிலாந்தின் பிளைத்துக்கு 720 கிலோமீட்டரில் நார்த் சீ லிங்க், அதுவும் 1,400 மெகாவாட். இந்தக் கடைசிக் கேபிள் நார்வே பக்கத்தில் ஒரு மலை ஏரியின் அடியிலும் போகிறது. அங்கே கடல் கப்பல் நுழைய முடியாது, ஆகவே கேபிள் போட ஏரியிலேயே ஒரு மிதவையைப் பொருத்திக் கட்டினார்கள், மலையைக் குடைந்து 2.3 கிலோமீட்டருக்குச் சுரங்கமும் போட்டார்கள். இதை எல்லாம் செய்த பொறியாளர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

கவனிக்க வேண்டியது, இந்த நான்கு இணைப்புகளும் நார்வேயில் ஒரே விலை மண்டலத்தில் கரை ஏறுகின்றன. நார்வேயை மின்சார விலைக்காக ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் தென்மேற்கு மண்டலம் ஒன்றில்தான் இந்த ஐயாயிரம் மெகாவாட்டுக்கு மேல் வந்து இறங்குகிறது. கிரிஸ்டியான்சாண்ட் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது.

தண்ணீர் சும்மா வருகிறது, விலை எப்படி ஏறியது?

நார்வேயின் தெருவில் யாரைக் கேட்டாலும் கோபத்தோடு கேட்ட கேள்வி இது. மழை இலவசம், அணைகள் பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கட்டி முடித்தவை, கடனும் அடைந்தாயிற்று. பிறகு ஏன் ஜெர்மனியில் காற்று நின்றால் எனக்குப் பில் ஏறவேண்டும்?

அணை வைத்திருப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். இன்றைக்கு ஒரு யூனிட் விற்றால் அந்தத் தண்ணீர் கீழே போய்விடும், திரும்பி வராது. ஆகவே தினமும் காலையில் அவர் முன் இருப்பது ஒரே கேள்வி: இன்றைக்கு விற்பதா, பிப்ரவரிக்கு வைத்திருப்பதா? பிப்ரவரியில் ஒரு குரோனர் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தால், இன்றைக்கு 50 ஓரேக்கு விற்கமாட்டார் (100 ஓரே ஒரு குரோனர்). தண்ணீரின் விலை அதை எடுக்க ஆன செலவில் இல்லை, அதை வேறெப்போது வேறெவருக்கு விற்கலாம் என்பதில்தான் இருக்கிறது. கேபிள் வருவதற்கு முன்னால் அந்த "வேறெவர்" இன்னொரு நார்வேக்காரர் மட்டும். கேபிள் வந்தபிறகு பெர்லின்காரரும் லண்டன்காரரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

இதனால்தான் கேபிள் நிரம்பி ஓடாத மணி நேரத்தில்கூட விலை உயர்ந்தே நிற்கிறது. "இப்போது கேபிளில் மின்சாரமே போகவில்லையே, ஏன் விலை குறையவில்லை" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. நாளைக்குப் போகலாம் என்ற வாய்ப்பு ஒன்றே போதும், இன்றைய தண்ணீரின் மதிப்பு ஏறிவிடும்.

நார்வே 1991-லேயே மின்சாரத்தைச் சந்தைக்குத் திறந்துவிட்ட நாடு. ஒவ்வொரு நாளும் நண்பகலில் மறுநாளுக்கான ஏலம் முடிகிறது. எங்கே விலை குறைவோ அங்கிருந்து எங்கே அதிகமோ அங்கே கேபிளில் ஓடவேண்டும் என்று கணினி தீர்மானிக்கிறது. இரு பக்கமும் விலை சமமாகும்வரை ஓடும், அல்லது கேபிள் நிரம்பும்வரை ஓடும். நிரம்பிவிட்டால் விலை வித்தியாசம் மிச்சம் நிற்கும், அந்த வித்தியாசம் கேபிள் வைத்திருப்பவர்களுக்குப் போகும். ஒரு மணி நேரம் 1,400 மெகாவாட் ஓடி, இரு கரைக்கும் விலை வித்தியாசம் மெகாவாட் மணிக்கு 50 யூரோ என்றால் 70,000 யூரோ. அதை இரண்டு நாட்டு கிரிட் நிறுவனங்களும் பொதுவாகப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். நார்வே பக்கத்துப் பங்கு ஸ்டாட்நெட் என்ற அரசு நிறுவனத்துக்கு.

2022: எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது

புதுக் கேபிள்கள் இரண்டும் 2021-ல் வந்தன. அந்த ஆண்டின் இரண்டாம் பாதியிலேயே ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபிறகு அது எங்கேயோ போனது. பிரான்சில் அணு உலைகள் பல பழுது பார்ப்பதற்காக நின்றிருந்தன. போதாக்குறைக்குத் தெற்கு நார்வேயில் மழையும் குறைந்தது. ஆகஸ்டில் தென்மேற்கு மண்டலத்தின் அணைகள் பாதிகூட நிரம்பவில்லை, பொதுவாக அந்த மாதத்தில் நன்றாக நிரம்பியிருக்க வேண்டியவை. அந்த மாதம் அந்த மண்டலத்தில் சராசரி மொத்த விலை யூனிட்டுக்கு 4 குரோனரைத் தாண்டியது. அதே மாதம் வடக்கே ட்ரோம்சோ பக்கம் சில ஓரேதான். ஒரே நாடு, ஒரே கொடி, நூறு மடங்குக்குமேல் வித்தியாசம்!

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். வடக்கில் மலிவான மின்சாரம் வழிந்துகொண்டிருந்தபோது தெற்கு ஏன் அதைக் கொண்டுவரவில்லை? கம்பி இல்லை. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் உள்நாட்டு லைன்கள் மெலிசானவை, அவை எப்போதோ நிரம்பிவிட்டன. கடல் தாண்டி 1,400 மெகாவாட் அனுப்பத் தெரிந்த நாடு தன் மலைகளைத் தாண்டி அதே அளவு கொண்டுவர வழி செய்யவில்லை. ஜெர்மனியிலும் இதே கதைதான். நார்ட்லிங்க் கரை ஏறும் வில்ஸ்டர் இருப்பது வடக்கு மூலையில், அங்கே ஏற்கெனவே காற்றாலைகள் நிறைய. தொழிற்சாலைகளோ தெற்கே. நடுவில் ஓடவேண்டிய சுமார் 700 கிலோமீட்டர் சூட்லிங்க் என்ற நேர்மின் இணைப்பு பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2028-ஐக் குறிவைத்து நகர்ந்துகொண்டிருக்கிறது. ஜெர்மனி முழுக்க ஒரே விலை மண்டலம் என்பதால், கரையோரக் காற்றாலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தெற்கின் விலைதான். அந்த விலையைத்தான் நார்வே இறக்குமதி செய்கிறது.

நாட்டின் எல்லையைத் தாண்டும் கேபிளுக்கு அரசியல் தலைவர்கள் ரிப்பன் வெட்டுவார்கள். நார்ட்லிங்கை 2021 மே மாதத்தில் ஜெர்மனியின் அன்றைய தலைவர் மெர்க்கெலும் நார்வேயின் அன்றைய பிரதமர் எர்னா சோல்பெர்க்கும் சேர்ந்து தொடங்கி வைத்தார்கள். உள்நாட்டு லைனுக்கு ரிப்பனும் கிடையாது, அவசரமும் கிடையாது. இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நார்வேயும் தென்மேற்கில் பழைய 300 கிலோவோல்ட் லைன்களை 420 கிலோவோல்ட்டுக்கு மாற்றியது உண்மைதான். ஆனால் அது கேபிளுக்கு வழிவிடச் செய்த வேலை.

பணம் எங்கே போனது

நார்வேயில் நீர் மின் நிலையங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அரசுக்கோ நகராட்சிகளுக்கோ சொந்தம். ஸ்டாட்கிராஃப்ட் என்ற அரசு நிறுவனம் அதில் பெரியது. ஆக, கிரிஸ்டியான்சாண்ட் குடும்பம் கட்டிய கூடுதல் பணம் எந்த வெளிநாட்டு முதலாளிக்கும் போகவில்லை, பெரும்பகுதி பொதுக் கஜானாவுக்கே போனது. லாபப் பங்காக ஒரு பகுதி, வரியாக ஒரு பகுதி, கேபிள் வருமானமாக ஸ்டாட்நெட்டுக்கு ஒரு பகுதி. நாடு என்று பார்த்தால் நார்வே நன்றாகவே சம்பாதித்தது. அரசும் விடவில்லை. நீர்மின்னுக்கான சிறப்பு வரியை 37-லிருந்து 45 சதவீதமாக ஏற்றியது, 2022 செப்டம்பர் கடைசியிலிருந்து ஓராண்டுக்கு யூனிட் 70 ஓரேக்கு மேல் போனால் அதன்மேல் தனியாக 23 சதவீதம் வசூலித்தது.

ஆனால் பில் கட்டுபவருக்கு "நாடு சம்பாதித்தது" என்பதால் என்ன பயன்? இங்கேதான் வரலாறு வருகிறது. நார்வே 1900-களின் தொடக்கத்திலிருந்தே அருவிகள் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கைக்குப் போய்விடக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு. 1917-ல் அது உறுதியானது. மலிவான மின்சாரத்தை வைத்தே அலுமினியமும் உரமும் செய்தார்கள், ஊர் ஊராகத் தொழிற்சாலை கட்டினார்கள். அவர்களுக்கு அது பரம்பரைச் சொத்து. ஊருக்கு மேலே மலையில் அணை கட்ட நிலம் கொடுத்தது அவர்கள் தாத்தா, பள்ளத்தாக்கு மூழ்கியதைப் பார்த்தது அவர்கள் பாட்டி. பதிலுக்குக் கிடைத்த வாக்குறுதி, கரண்ட் எப்போதும் மலிவாக இருக்கும் என்பது. சட்டப் புத்தகத்தில் எழுதாத வாக்குறுதிதான், ஆனால் அதை மீறினால் ஆட்சி கவிழும் அளவுக்கு உறுதியானது.

2021 டிசம்பரில் அரசு வீடுகளுக்கு மானியம் தொடங்கியது. முதலில் 70 ஓரேக்கு மேல் போகும் விலையில் 55 சதவீதத்தை அரசு ஏற்றது, உடனே 80, பிறகு 90 சதவீதம். 2023 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கு. ஆகவே அந்த 2024 டிசம்பர் மாலையிலும் வீடுகள் உண்மையில் 13 குரோனர் கட்டவில்லை. மானியம் போக 2 குரோனரைக் கொஞ்சம் தாண்டிய அளவுதான் வந்திருக்கும். இந்தக் கணக்கை அன்றைக்கு எத்தனை பேர் போட்டிருப்பார்கள்? தலைப்புச் செய்தியில் இருந்தது 13. அதோடு, சின்ன பேக்கரிக்கும் லாண்டரிக்கும் வீடுகளுக்குக் கிடைத்த மாதிரி மானியம் கிடையாது.

ஸ்டாட்நெட்டுக்குக் கிடைத்த கேபிள் வருமானம் நாடு முழுவதற்குமான கம்பிக் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுகிறது. நல்ல விஷயம். ஆனால் கேபிளால் விலை ஏறியது தெற்கில், கட்டணக் குறைப்பின் பலனோ விலை ஏறாத வடக்குக்கும் போகிறது. கேபிளுக்கு அனுமதி கொடுத்த 2014-லேயே, "கேபிள் இறங்கும் மண்டலத்தின் வீடுகளுக்கு அதன் வருமானத்தில் நேரடிப் பங்கு, ஒவ்வொரு பில்லிலும் தனியாகக் காட்டி" என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தால் 2022-ல் நடந்த பேச்சே வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். விலை ஏறியபிறகு அவசரமாகக் கொடுக்கும் மானியத்தை ஜனங்கள் வாக்குக்கான காசாகப் பார்க்கிறார்கள். முன்பே எழுதிவைத்த பங்கை உரிமையாகப் பார்த்திருப்பார்கள்.

கேபிளை வெட்டிவிடலாமா?

2023 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்குப் போகவிருந்த நார்த்கனெக்ட் என்ற கேபிளுக்கு அரசு அனுமதி மறுத்தது. 2025 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரம் தொடர்பான மூன்று உத்தரவுகளை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் மையக் கட்சி கூட்டணியிலிருந்து வெளியேறியது, தொழிலாளர் கட்சி தனியாக ஆட்சி நடத்தியது. ஸ்வீடனின் எரிசக்தி அமைச்சர் எப்பா புஷ், ஜெர்மனி தன் அணு உலைகளை மூடியதால்தான் நாங்கள் அடிபடுகிறோம் என்று வெளிப்படையாகவே திட்டினார். நார்வேயின் தொழிலாளர் கட்சியும் ஸ்காகெராக் 1, 2 கேபிள்களின் ஆயுள் 2026-ல் முடியும்போது அவற்றைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லியது.

கோபம் புரிகிறது. தீர்வில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இரண்டு கேபிளும் போனால் டென்மார்க் இணைப்பின் 1,700 மெகாவாட்டில் 500 குறையும், நார்ட்லிங்கும் நார்த் சீ லிங்கும் அப்படியே இருக்கும். ஜெர்மன் விலை வரும் பாதை மூடாது. மூடுவது, வறண்ட ஆண்டில் டேனிஷ் காற்று உள்ளே வரும் பாதையில் ஒரு பகுதி. வறண்ட ஆண்டு எப்போது வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது, கேபிளை அப்போது அவசரமாகப் போடவும் முடியாது. கேபிள் இல்லாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு அதே 2024 டிசம்பரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாளில் ஃபின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் நடுவில் எஸ்ட்லிங்க் 2 அறுந்தது, ஒரு கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனதாக விசாரணை நடந்தது. இரு நாட்டு இணைப்பு 1,016 மெகாவாட்டிலிருந்து 358-க்கு விழுந்தது, சரிசெய்ய ஆறு மாதம் ஆனது.

2025 அக்டோபர் 1 முதல் நார்வே அரசு வேறொரு வழிக்குப் போனது. விரும்பும் வீடுகளுக்கு நிலையான விலை, வரியோடு பெரும்பாலான இடங்களில் 50 ஓரே. சந்தையில் என்ன விலை ஓடினாலும் மிச்சத்தை அரசு பார்த்துக்கொள்ளும். குடும்பங்களுக்கு நிம்மதிதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 13 குரோனர் மணி நேரத்திலும் வீட்டுக்குத் தெரிவது 50 ஓரே என்றால், காரை ஒரு மணி நேரம் தள்ளி சார்ஜ் போடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. அந்த நேரத்தில் சேமிக்கக்கூடிய தண்ணீர் சேமிக்கப்படாது. மாதத்துக்கு இத்தனை யூனிட்டுக்கு இவ்வளவு பணம் என்று நேராகக் கையில் கொடுத்துவிட்டு, மணி நேர விலையை அப்படியே காட்டியிருந்தால் குடும்பமும் பிழைத்திருக்கும், சேமிப்பும் நடந்திருக்கும்.

நம் பக்கத்துக் கடல்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நேர்மின் கேபிள் போடுவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2025 ஏப்ரலில் கொழும்பில் கையெழுத்தானது. மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கையின் வடக்கே போகும் இணைப்பைப் பற்றிய பேச்சு பல பத்தாண்டுப் பழசு. தொழில்நுட்பம் நமக்குப் புதிதில்லை. ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட், புகளூரிலிருந்து திருச்சூருக்குப் புது வகையில் 2,000 மெகாவாட் ஏற்கெனவே ஓடுகின்றன. வங்காளதேசத்துக்கு பெராமாரா வழியாக 2013 முதல் மின்சாரம் போகிறது.

நார்வே-டென்மார்க் ஜோடியை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. நம் முப்பந்தலிலும் இலங்கையின் மன்னாரிலும் காற்று பலமாக அடிப்பது பெரும்பாலும் ஒரே தென்மேற்குப் பருவத்தில்தான். அவர்களுக்குக் காற்று அதிகமாக இருக்கும்போது நமக்கும் அதிகமாக இருக்கும், ஆகவே காற்றுக்குக் காற்று பரிமாற ஒன்றும் இல்லை. பொருந்துவது வேறு: தமிழ்நாட்டுப் பகல் வெயில் ஒரு பக்கம், இலங்கையின் மகாவலி அணைகள் மறுபக்கம். பகலில் இங்கிருந்து வாங்கி விக்டோரியா அணையில் தண்ணீரைப் பிடித்துவைத்து, மாலை உச்ச நேரத்தில் திறக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீருக்கு விவசாயமும் காத்திருக்கிறது. கேபிள் வந்தபிறகு அந்தத் தண்ணீரின் மதிப்பும் ஏறும், அப்போது மதகைத் திறக்கும் நேரத்தை மின்சார விலை தீர்மானிக்குமா, வயலின் தேவை தீர்மானிக்குமா? ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இருக்கவேண்டும், மின்வாரியத்தின் விருப்பத்துக்கு விடக்கூடாது.

அளவும் முக்கியம். நார்டிக் கிரிட் 1,400 மெகாவாட் அளவில் ஒரு இணைப்போ உலையோ திடீரென்று போனாலும் தாங்கும்படி இருப்பு வைத்து ஓடுவது. இலங்கை சின்ன கிரிட். 2025 பிப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷனில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், கிரிட்டைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய சுழலும் இயந்திரங்கள் குறைவு. அப்படி ஒரு மதியத்தில் 500 மெகாவாட் கேபிள் ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் போட்டுப் பார்த்தபிறகுதான் கேபிளின் அளவையும், மாற்றி நிலையத்தின் வகையையும் முடிவு செய்யவேண்டும். பழைய தைரிஸ்டர் வகை மலிவு என்று அதை எடுத்தால் அந்த ஞாயிறு மதியத்தில் அது கைகொடுக்காது. பலவீனமான கிரிட்டையும் தாங்கும் புது வகையை, சின்னச் சின்ன அளவில் இரண்டு துண்டாகப் போடுவது செலவு கூடினாலும் சரியான வழி.